நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம்

எங்கள் மார்வெட் ஊர் எல்லையில், நெடுஞ்சாலை திரும்பும் இடத்தில், பச்சைப் பலகை ஒன்று நிற்கிறது. 'மார்வெட் தந்த பெருமக்கள்' என்று மேலே எழுதியிருக்கிறது. கீழே நான்கு பெயர்கள்.

முதல் பெயர் ஆளுநர் தேர்தலில் நின்று தோற்றவருடையது. அவர் இங்கே பிறந்தார் என்பது உண்மை. இரண்டு வயதில் அவரைத் தூக்கிக்கொண்டு குடும்பம் கலிபோர்னியாவுக்குப் போய்விட்டது. பிறகு இந்தப் பக்கம் அவர் தலை காட்டியதாக யாரும் சொல்லவில்லை. இரண்டாமவர் பேஸ்பால் பந்து வீசியவர். ஒரு கோடைக்காலம் எங்கள் ஊர் அணிக்கு ஆடினார். தங்கியிருந்த வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போனார். மூன்றாமவர் சினிமாவில் குதிரையிலிருந்து விழுகிறவர். அவருடைய சித்தி வீடு இங்கே இருந்தது. லீவுக்கு வந்து போவார். நான்காவது சார்லின் போல்மன்.

நால்வரில் சார்லின் ஒருத்திதான் இந்த ஊரில் வளர்ந்தவள். அவள் பெயர் இருப்பதில் எனக்கு மறுப்பு இல்லை. பெயருக்கு நேரே 'பெண்கள் கூடைப்பந்து மாநில வெற்றி, 1969. இறுதி ஆட்டத்தில் 61 புள்ளிகள்' என்று இருக்கிறது. என் மறுப்பு அந்த அறுபத்தொன்றைப் பற்றியது. அது ஒருத்தியின் கணக்காக அங்கே நிற்கிறது.

ஆர்டித் ரோல்ஃப்ஸ் அதே அணியில் ஆடியவள். என் வீட்டுக்கு எதிர்வீடு. அந்தப் பலகை எழுதப்படுவதற்கு முன்பு, அதில் தன் பெயரும் வேண்டும் என்று அவள் கேட்டாள். தனக்காகத் தானே வாயைத் திறந்து கேட்டாள். எங்கள் ஊரில் அது திருட்டைவிடக் கேவலமான காரியம்.

இங்கே ஒருவர் வீட்டில் கேக்கை நீட்டினால் இரண்டு முறை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மூன்றாவது முறை நீட்டும்போது எடுத்துக்கொள்ளலாம். முதல் முறையிலேயே எடுப்பவர்களைப் பற்றி வீடு திரும்பும் வழியெல்லாம் காரில் பேசுவோம். ஆர்டித் முதல் முறையிலேயே எடுப்பாள். நீட்டாவிட்டாலும் எடுப்பாள்.

அவளுடைய அப்பா ஹார்ம் ரோல்ஃப்ஸ் ஊருக்கு வடக்கே பன்றி வளர்த்தார். சோளக் கொட்டகைச் சுவரில் ஒரு இரும்பு வளையம் அடித்திருந்தார்கள். அண்ணன்கள் இரண்டு பேரும் அதில் பந்து போடுவார்கள். இவள் குதித்து மறிப்பாள். பந்து இவள் கைக்கு வந்தால் இவளும் போடுவாள். நன்றாகவே போடுவாள் என்று அண்ணன்கள் சொல்லியிருக்கிறார்கள். உயர்நிலைப் பள்ளிக்கு வந்த முதல் நாள் பயிற்சியாளர் எல்லாப் பெண்களையும் வரிசையாக நிற்க வைத்துப் பார்த்தார். இவளிடம் வந்தபோது கையைத் தூக்கச் சொன்னார்.

"கை நல்ல நீளம். நீ இந்தப் பக்கம் நில்லு" என்றார்.

அவ்வளவுதான். அவள் பள்ளிக்கூட வாழ்க்கை அந்த ஒரு வாக்கியத்தில் முடிவாகிவிட்டது.

எங்கள் அயோவா மாநிலத்தில் அந்தக் காலத்துப் பெண்கள் ஆடிய கூடைப்பந்து வேறு. ஒரு அணிக்கு ஆறு பேர். களத்துக்கு நடுவே ஒரு கறுப்புக் கோடு. மூன்று பேர் கோட்டுக்கு அந்தப் பக்கம். கூடையில் போடுவது அவர்கள் வேலை. மூன்று பேர் இந்தப் பக்கம். எதிரணிக்காரிகளைத் தடுப்பது இவர்கள் வேலை. யாரும் கோட்டைத் தாண்டக் கூடாது. தடுக்கிறவளிடம் பந்து சிக்கினால் அதைக் கோட்டருகே கொண்டுவந்து, அந்தப் பக்கம் நிற்கிறவளிடம் கொடுத்துவிட வேண்டும். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தடுக்கிறவள் ஒருநாளும் கூடையில் போட முடியாது. பெண்கள் முழுக் களமும் ஓடினால் உடம்புக்கு ஆகாது என்று யாரோ சில ஆண்கள் முடிவு செய்திருந்தார்கள். அந்தப் பெண்கள் விடிவதற்கு முன்பே எழுந்து பன்றிகளுக்குத் தீவனம் சுமந்துவிட்டுத்தான் பள்ளிக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

இன்னொன்றும் உண்டு. தடுக்கிறவளை எதிரணிக்காரி இடித்துத் தள்ளினால் அதற்குத் தண்டனை எறிதல் கொடுப்பார்கள். அதை எறிவது விழுந்தவள் அல்ல. கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவள். ஆர்டித்துக்கு முன்பற்கள் இரண்டு ஓர் ஆட்டத்தில் போயின. வாயில் துணியை அழுத்திக்கொண்டு அவள் நின்றாள். சார்லின் மறுமுனையில் போய் இரண்டு எறிதல்களையும் கூடையில் போட்டாள். பல் ஆர்டித்துடையது. புள்ளி சார்லினுடையது.

சார்லின் திறமை இல்லாதவள் என்று நான் சொல்லவில்லை. அவள் மணிக்கட்டிலிருந்து பந்து கிளம்புவதைப் பார்க்க அடுத்த மாவட்டத்திலிருந்தெல்லாம் கூட்டம் வரும். ஆனால் அந்த மணிக்கட்டு எங்கே பழகியது? தினமும் சாயங்காலம் பயிற்சியில் அவளுக்கு எதிரே நின்றவள் ஆர்டித். அவளைத் தாண்டிப் போடப் பழகிய பிறகு சார்லினுக்கு வெளியூர்ப் பெண்கள் வேலி இல்லாத வயல் மாதிரி.

1969 மார்ச்சில் டி மாயின் நகரத்தில் இறுதி ஆட்டம். எங்கள் ஊரில் கடைகளை அடைத்துவிட்டுப் போனார்கள். மாடு கறக்க மட்டும் சிலர் தங்கினார்கள். எதிரணியில் ஆறடிக்கு மேல் உயரமான ஒரு பெண். முதல் பாதியில் அவள் நாற்பதுக்கு மேல் போட்டுவிட்டாள். இடைவேளைக்குப் பிறகு பயிற்சியாளர் ஆர்டித்தை அவள் முன்னால் நிறுத்தினார். இரண்டாம் பாதியில் அந்த உயரக்காரி போட்டது ஒன்பது. கடைசி நொடிகளில் நாங்கள் ஒரே ஒரு புள்ளி முன்னால். பந்து அவர்களிடம். உயரக்காரிக்கு வீசிய பந்து நடுவழியில் ஆர்டித்தின் கையில் வந்து நின்றது. அவள் அதைக் கோட்டருகே கொண்டுவந்து சார்லினிடம் கொடுத்தாள். சங்கு ஊதியது.

பந்தை இறுக்கிக்கொண்டு மற்றவர்களின் தோள்களுக்கு மேலே சார்லின் உயர்ந்திருக்கும் படம் எல்லாச் செய்தித்தாள்களிலும் வந்தது. எங்கள் சலூன் சுவரில் இன்னும் தொங்குகிறது. பந்து அவள் கைக்கு எப்படி வந்தது என்று அந்தப் படம் சொல்லவில்லை. பார்த்தவர்களும் சொல்லவில்லை.

சார்லின் கல்லூரிக்குப் போனாள். டி மாயின் தொலைக்காட்சியில் வானிலை சொன்னாள். 'எங்க ஊர்ப் பொண்ணு சொல்றா, நாளைக்கு மழை' என்று இங்கே பேசிக்கொள்வார்கள். பிறகு அரிசோனாவுக்குப் போய்விட்டாள்.

ஆர்டித் பன்றிகளிடம் திரும்பினாள். அப்பா இறந்த பிறகு பண்ணையை அவள் நடத்தினாள். எண்பதுகளில் இந்தப் பக்கம் எல்லாருக்கும் போன மாதிரி அவளுக்கும் கடனில் நிலம் போயிற்று. ஏலத்தன்று, பொருட்களைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்ற அக்கம்பக்கத்தாருக்கு அவளே காப்பி கொடுத்தாள். பிறகு ஊருக்குள் வந்து எனக்கு எதிர்வீட்டில் குடியேறினாள். பள்ளி பஸ் ஓட்டினாள். ஆம்புலன்சில் சம்பளமில்லாத வேலையும் பார்த்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவன் ஒருவன் உண்டு. ஏன் வேண்டாம் என்றாய் என்று நான் ஒருமுறை விசாரித்தேன்.

"சூப்பு குடிக்கறப்போ சத்தம் போடறான். அம்பது வருஷம் அந்தச் சத்தத்தைக் கேக்க முடியுமா?" என்றாள்.

அவளை நல்லவள் என்று காட்ட எனக்கு ஆசையில்லை. சர்ச் விருந்துக்கு அவள் கொண்டுவரும் சூரைமீன் கலவை தொடப்படாமல் வீடு திரும்பும். சீட்டாட்டத்தில் தோற்றால் சீட்டுகளைக் கலைத்துவிடுவாள். நாற்சந்தியில் நான்கு கார்கள் வந்து நின்றால், நீ போ, நீ போ என்று நான்கு பேரும் கை காட்டிக்கொண்டு நிற்பதுதான் எங்கள் ஊர் மரியாதை. ஆர்டித் நடுவே புகுந்து போய்விடுவாள். அவள் கார் தெரிந்தாலே மற்றவர்கள் பிரேக்கை மிதிப்பார்கள். பலகையில் பெயர் வருவதற்கு நல்ல குணம்தான் தகுதி என்றால் அவள் கேட்டிருக்க மாட்டாள். பலகையில் இருக்கும் நால்வருக்கும் அந்தத் தகுதியை யாரும் சோதித்துப் பார்க்கவும் இல்லை.

போன வருஷம் ஊருக்கு நூற்றைம்பதாவது ஆண்டு. விழாக் குழு சர்ச்சின் கீழ்த்தளத்தில் கூடியது. தலைவர் வெர்லின் மைன்ட்ஸ். இன்சூரன்ஸ் விற்பவர், ஐம்பது வயதுக்காரர். சின்ன வயதில் ஆர்டித்தின் பஸ்ஸில் போனவர். அவள் அவரிடம் இன்னும் பஸ்ஸில் போகும் பையனிடம் பேசுவது மாதிரிதான் பேசுவாள். ஊர்க்காரர்கள் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். இருபது பேர் இருந்தோம். வெர்லின் நான்கு பெயர்களையும் படித்தார்.

"வேற யாராவது பேர் சொல்லணுமா?" என்றார். அப்படிக் கேட்பது வழக்கம். யாரும் சொல்லாமல் இருப்பதும் வழக்கம்.

"நான் சொல்றேன். ஆர்டித் ரோல்ஃப்ஸ்" என்றாள் ஆர்டித்.

யாரோ காப்பியைக் கலக்கினார்கள். கலக்க எதுவும் இல்லாத கறுப்புக் காப்பி.

"யாரு, நீங்களா?" என்றார் வெர்லின்.

"இந்த ஊர்ல வேற ஆர்டித் ரோல்ஃப்ஸ் இருக்காளா? இருந்தா கூட்டிட்டு வா, ரெண்டு வார்த்தை பேசணும்."

சிலர் சிரித்தார்கள். வெர்லின் சிரிக்கவில்லை. அவருக்கு உண்மையாகவே சங்கடம். அவள் நாக்கு தவறி ஏதோ சொல்லிவிட்டதைப்போலவும், அதைக் கேளாததுபோல் கடந்து போவதே மரியாதை என்பதுபோலவும் தாளைப் புரட்டினார்.

"அதுக்கில்ல ஆர்டித். பேருக்கு நேரா ஏதாவது போட்டாகணுமே. அவருக்கு ஆளுநர் வேட்பாளர்னு போடறோம். சார்லினுக்கு அறுபத்தொண்ணு போடறோம். உங்களுக்கு என்ன போடறது?"

"சைபர் போடு."

"சைபரா?"

"நாலு வருஷம் ஆடினேன். சைபர்தான். பொய் இல்லாம போடு."

பாஸ்டரின் மனைவி நோர்மா இடையில் வந்தாள். யார் மனமும் நோகக் கூடாது என்பதற்காகவே பிறந்தவள். "தடுத்தவங்க மூணு பேரையும் சேத்து, சார்லின் பேருக்குக் கீழ சின்னதா ஒரு வரி போட்டா என்ன? 'அணியினர்'னு?"

"மத்த ரெண்டு பேரும் நல்லா ஆடினாங்க. ஒருத்தி செத்துட்டா. ஒருத்தி ஒமாஹாவுல மகளோட இருக்கா. அவங்களுக்கு வேணும்னா அவங்க கேக்கட்டும். நான் என் பேரைக் கேக்கறேன். சின்னதா வேணாம். மத்தவங்க அளவுக்கே வேணும்."

"இதெல்லாம் நாமளே கேக்கற விஷயமா ஆர்டித்?" என்றார் வெர்லின், தணிந்த குரலில்.

"பின்ன யார் கேப்பா? யாராவது கேப்பாங்கன்னு அம்பத்தஞ்சு வருஷம் இருந்து பாத்தேன். நீ கேட்டியா? உங்கப்பா கேட்டாரா? அவரை மாரடைப்போட வேன்ல தூக்கிப் போட்டுட்டு நாப்பது மைல் ஓட்டினேனே, அன்னிக்காவது கேட்டிருக்கலாம். போற வழியெல்லாம் சார்லினோட அறுபத்தொண்ணைப் பத்திதான் பேசிட்டு வந்தாரு மனுஷன்."

இப்போது எல்லாரும் சிரித்தார்கள். வெர்லினின் அப்பா அப்படிப்பட்டவர்தான். சிரிப்பு அடங்கியதும் மறுபடியும் அதே சங்கடம் வந்து உட்கார்ந்துகொண்டது. வாக்கெடுப்பு நடந்தது. ஆர்டித் கையைத் தூக்கினாள். நான் தூக்கினேன். வேறு யாரும் இல்லை.

"தன் பேருக்குத் தானே கை தூக்கறது கணக்குல வராது" என்றார் வெர்லின்.

"உன் பேருக்குத் தூக்கட்டுமா?"

வேறொருவர் அவளுக்காகக் கேட்டிருந்தால், அவள் இரண்டு முறை வேண்டாம் என்று மறுத்திருந்தால், பெயர் அன்றைக்கே ஏறியிருக்கும். இதை என்னிடம் அந்தக் குழுவிலேயே மூன்று பேர் தனித்தனியாகச் சொன்னார்கள். குரலைத் தாழ்த்தி, பெரிய ஞானத்தைப் பகிர்ந்துகொள்கிறவர்கள் மாதிரி சொன்னார்கள். நீங்கள் ஏன் கேட்கவில்லை என்றேன். அவளுக்குக் கூச்சமாக இருக்கும் என்று நினைத்தோம் என்றார்கள். ஆர்டித்துக்குக் கூச்சம்!

அதே கூட்டத்தில் இன்னொன்றும் முடிவாயிற்று. பள்ளிக்கூடத்தைப் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிட்டார்கள். கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். விளையாட்டுக்கூடத்தின் மரத்தரையில் பாதியைப் பெயர்த்து அருங்காட்சியகத்தில் பதிப்பது என்று ஏற்பாடு. கிழக்குப் பாதி. 'சார்லின் போட்ட பக்கம்.'

ஆர்டித் கிளம்ப எழுந்தவள் நின்றாள்.

"எந்தப் பக்கம்?"

"கிழக்குப் பக்கம். அந்தப் பக்கந்தானே அவ போடுவா?" என்றார் வெர்லின்.

"இடைவேளை முடிஞ்சா பக்கம் மாறும்ல? பாதி ஆட்டம் அங்க அவ நின்னா, பாதி ஆட்டம் நான் நின்னேன். உன் தரை, என் தரைன்னு பலகைக்குப் பலகை பிரிச்சா வெச்சிருந்தாங்க?"

"அது எல்லாருக்கும் தெரியும் ஆர்டித். வெளியூர்லேருந்து பாக்க வரவங்களுக்குச் சொல்றப்போ, 'சார்லின் பக்கம்'னா சுலபமா இருக்கும். அவ்வளவுதான்."

அந்த அறையில் அது தெரியாதவர் ஒருவரும் இல்லை. என்னால் பொறுக்க முடியாதது அதுதான். தெரியாமல் செய்தால் திருத்தலாம். இவர்கள் தெரிந்துகொண்டே, சுலபமாக இருக்கும் என்று செய்தார்கள்.

தரையை அறுக்க வந்த ஆள் நடுக்கோட்டையும் சேர்த்து எடுக்கவா என்று கேட்டானாம். கோடு ஓரத்தில் வந்தால் பார்க்க அசிங்கமாக இருக்கும் என்று வெர்லின் சொன்னாராம். கோட்டுக்கு ஒரு விரல் கிழக்காகவே ரம்பம் போயிற்று. கோடும் மேற்குப் பாதியும் கூரைத் தகரத்தோடும் உடைந்த நாற்காலிகளோடும் ஒரே குவியலாகக் கிடந்தன. பிறகு எரித்தார்கள். மேப்பிள் மரம் நன்றாக எரியும்.

அருங்காட்சியகம் என்பது பழைய கோழிக்குஞ்சுப் பொரிப்பகம். தாழ்ந்த கூரை. அளவான உயரத்தில் கூடையை மாட்ட இடமில்லை. ஆளுயரத்துக்கு ஒரு முழம் மேலே மாட்டினார்கள். நல்ல வார்னிஷ் பூசி, மேலே விளக்கு போட்டு, சுவரில் அந்தப் பெரிய படத்தையும் வைத்தார்கள். ஜூலை மாதம் விழா. சார்லின் வந்தாள்.

மெலிந்து, தோல் கறுத்து, இரண்டு கையிலும் வெள்ளிக் காப்புகளோடு அழகாகவே இருந்தாள். கூட்டத்தில் ஆர்டித்தைப் பார்த்துவிட்டு ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"ஆர்டி! என்னடி இது, இப்படிக் குண்டாயிட்ட?"

"நீ என்னடி இப்படி வத்தலா காஞ்சு கெடக்க? அரிசோனாவுல தண்ணியே குடுக்கறதில்லையா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். பகை என்று எதுவும் அவர்களுக்குள் இல்லை. அதையும் சொல்லியாக வேண்டும்.

அந்த மரத்தரையில் நின்று சார்லின் ஒரு பந்தைக் கூடையில் போட வேண்டும், செய்தித்தாள்காரர் படம் எடுக்க வேண்டும். அதுதான் நிகழ்ச்சி. செய்தித்தாள் இரண்டு மணி நேரத் தூரத்திலிருக்கும் நகரத்திலிருந்து வருவது. வெர்லினுக்கு அந்த இடத்தில் ஒரு யோசனை தோன்றியது. நல்ல மனதோடுதான் தோன்றியது.

"ஆர்டித், நீங்க பந்தை எடுத்து சார்லின் கையில குடுங்களேன். அந்தக் காலத்துல குடுப்பீங்களே, அந்த மாதிரி. பழைய சிநேகிதிங்க. ஜனங்களுக்குப் பிடிக்கும்."

ஆர்டித் அவரைப் பார்த்தாள். பந்தை வாங்கினாள். சிமெண்டுத் தரையில் நின்றபடியே மரத்தரையின் விளிம்புக்கு மேலாக அதைச் சார்லினிடம் கொடுத்தாள். எல்லாரும் கை தட்டினார்கள்.

பிறகு அவளும் மரத்தரையில் ஏறினாள். சார்லினுக்கும் கூடைக்கும் நடுவே போய் நின்றாள். கால்களை அகட்டி, முழங்காலை மடக்கி, இரண்டு கைகளையும் விரித்தாள். எழுபத்துமூன்று வயது. முழங்கால் மடங்கும்போது சத்தம் கேட்டது. கைகள் மட்டும் அதே நீளம்.

"ஆர்டித், படத்துக்கு மறைக்குது. கொஞ்சம் ஓரமா..." என்றார் வெர்லின்.

"மறைக்கத்தான் நிக்கறேன்."

கூட்டம் சிரித்தது. சார்லினும் சிரித்துக்கொண்டே இடது பக்கம் நகர்ந்தாள். ஆர்டித் அங்கே இருந்தாள். வலது பக்கம் திரும்பினாள். அங்கேயும் இருந்தாள். காப்புகள் குலுங்கின. சார்லின் முதுகைக் காட்டித் திரும்பி, சட்டென்று சுழன்று எறியப் பார்த்தாள். பழைய வித்தை. ஆர்டித்தின் உள்ளங்கை பந்துக்கு முன்னால் தயாராக இருந்தது. சார்லின் பந்தை மறுபடி நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். சிரிப்பு குறைந்தது.

"ஏய், இது ஒரு ஃபோட்டோடி. விடேன்."

"போடு. யாரு வேணாங்கறா?"

"நீ நகரு, போடறேன்."

"அன்னிக்கெல்லாம் நகர்ந்தேனா? தெனம் சாயங்காலம் பிராக்டீஸ்ல என்னைத் தாண்டி எத்தனை போட்ட? சொல்லு. எல்லாரும் இருக்காங்க, சத்தமா சொல்லு."

சார்லின் சுற்றிலும் பார்த்தாள். முகம் சிவந்திருந்தது. "அதெல்லாம் இப்ப யாருக்குடி ஞாபகம்?"

"எனக்கு."

சார்லினுக்கு அப்போது கோபம் வந்தது. படத்துக்காக அல்லாமல் உண்மையாகவே எறிந்தாள். ஆர்டித் எம்பினாள் என்று சொல்ல முடியாது. குதிகால் மட்டும் எழுந்தது. கை பந்தில் பட்டது. பந்து மேலே போய்த் தாழ்ந்த கூரையிலிருந்த குழல்விளக்கை உடைத்துக்கொண்டு, சிமெண்டுத் தரையில் விழுந்து, நாற்காலிகளுக்கு அடியில் உருண்டு நின்றது. யாரும் போய் எடுக்கவில்லை.

"கை அப்படியே இருக்குடி உனக்கு" என்றாள் சார்லின். பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்டது.

வெர்லின் கண்ணாடித் துண்டுகளில் கால் வைக்க வேண்டாம் என்று சொல்லி, வெளியே பந்தலில் பன்றி இறைச்சி சாண்ட்விச் தயார் என்று அறிவித்தார். சாப்பாட்டுக்கு முன்பு சார்லின் ஒலிபெருக்கியில் பேசினாள். கடவுளுக்கு நன்றி சொன்னாள். செத்துப்போன பயிற்சியாளருக்கு நன்றி சொன்னாள். தன்னை வளர்த்த ஊருக்கு நன்றி சொன்னாள். என்னருகே கேட்ட அந்த நான்கு வார்த்தைகள் ஒலிபெருக்கிக்கு வரவில்லை. ஆர்டித் முதல் ஆளாக வரிசையில் நின்று சாண்ட்விச் வாங்கிச் சாப்பிட்டாள்.

வியாழக்கிழமை செய்தித்தாள் வந்தது. படம் நன்றாக விழுந்திருந்தது. சார்லின் பந்தைத் தூக்கியிருக்கிறாள். அவளுக்கு முன்னால் அகலமான ஒரு முதுகு, விரிந்த இரண்டு நீளக் கைகள். கீழே அச்சிட்டிருந்தார்கள்: 'மார்வெட் விழாவில் சார்லின் போல்மன். உடன், ஊர்க்காரர் ஒருவர்.'

படம் எடுத்தவர் வெர்லினிடம் பெயர்களைக் கேட்டிருக்கிறார். வெர்லின் ஒரு பெயரைச் சொல்லியிருக்கிறார்.

ஆர்டித் செய்தித்தாளைக் கையில் பிடித்தபடி தெருவைக் கடந்து வந்தாள். என் சமையலறையில் உட்கார்ந்தாள்.

"போன் பண்ணப் போறேன். நீ கூட இருந்து கேளு. அப்பறம் நான் கன்னாபின்னான்னு திட்டினேன்னு ஊருக்குள்ள சொல்லுவாங்க."

"திட்டப் போறியா?"

"இன்னும் முடிவு பண்ணல."

போனை எடுத்தது ஒரு பெண். சின்ன வயதுக் குரல். ஆர்டித் விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டாள். அடுத்த வாரம் திருத்தம் போட்டுவிடலாம் என்றாள். பெயரை எழுத்து எழுத்தாகக் கேட்டுக் குறித்துக்கொண்டாள். ஆர்டித் அதை மூன்று முறை சொல்ல வைத்துச் சரிபார்த்தாள்.

"பேரோட, நீங்க யாருன்னு ஒரு வரி சேத்துக்கறேன் மேடம். இப்ப என்ன பண்றீங்க?"

"பஸ் ஓட்டினேன். இப்ப ஒண்ணும் பண்ணல."

"அப்ப 'ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர்'னு போடட்டுமா?"

"வேணாம்."

"வேற எப்படிப் போடறது?"

ஆர்டித் மேசைமேல் கிடந்த படத்தை, அதிலிருந்த தன் முதுகைப் பார்த்தாள். அவள் திட்டத் தொடங்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

"'அவளைப் போட விடல'ன்னு போடு" என்றாள்.

"புரியலையே மேடம். எதைப் போட விடல?"

அந்தப் பெண் பிறப்பதற்கு முன்பே அப்படி ஆடுவதை நிறுத்திவிட்டார்கள். ஆர்டித் நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஒரு அணிக்கு ஆறு பேர் என்று ஆரம்பித்தாள். கோடு, பல், உயரக்காரி, கடைசிப் பந்து எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பெண் நடுநடுவே கேள்வி கேட்டாள். ஏன் தாண்டக் கூடாது என்றாள். விழுந்தவளை ஏன் எறிய விடவில்லை என்றாள். ஒருமுறை, "அநியாயமா இருக்கே மேடம்" என்று அவள் சொன்னது எனக்கும் கேட்டது. ஆர்டித் இருமிவிட்டு மேலே சொன்னாள். நான் போட்ட காப்பி ஆறிப்போயிற்று.

அடுத்த வியாழக்கிழமை, பன்றி விலைப் பட்டியலுக்கு மேலே, பொடி எழுத்தில் வந்தது: 'திருத்தம். சென்ற வாரப் படத்தில் இருந்தவர் மார்வெட் ஊரின் ஆர்டித் ரோல்ஃப்ஸ். சார்லின் போல்மனைப் போட விடாதவர்.'

காலை எட்டு மணிக்குள் வெர்லின் என்னைக் கூப்பிட்டுவிட்டார். சார்லின் இதைப் பார்த்தால் என்ன நினைப்பாள் என்றார். ஊர் மானம் போயிற்று என்றார். இந்த வயதில் ஒருவருக்கு இவ்வளவு ஆசை ஆகாது என்றார்.

"பேப்பர்காரங்களுக்கு அறிவு வேணாமா? ஒருத்தி தன்னைப் பத்தித் தானே கேட்டா, உடனே போட்டுடறதா?"

அந்தப் பெண் எங்கள் ஊர்க்காரி இல்லை, அவளுக்கு நம் வழக்கம் தெரியாது என்றேன். கேட்டால் கொடுக்கலாம் என்று நினைத்துவிட்டாள்.